ஒரே மந்தையில் இரண்டு இரத்தசோகை: ஒரு நிகழ்வு ஆய்வு

மூன்று வயதுப் பெட்டை வெள்ளாடு. எடை 24 கிலோ. இரட்டைக் குட்டி ஈன்று ஐந்து வாரம் ஆகியிருந்தது. மந்தையோடு நடக்க முடியாமல் பின்தங்குகிறது, பால் குறைந்துவிட்டது, தாடைக்குக் கீழே வீங்கியிருக்கிறது என்று சொல்லிக் காட்டினார்கள். அதே மந்தையில் அதற்கு முன்பே இரண்டு குட்டிகள் இறந்திருந்தன. "வெளுத்துப்போய்க் கிடந்தது, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை" என்பதுதான் இரண்டைப் பற்றியும் கிடைத்த விவரம்.

ஆடு வெளுத்திருப்பதை வளர்ப்பவர் சரியாகவே கவனித்திருந்தார். இரும்புச்சத்து டானிக் வாங்கி ஊற்றியும் வந்திருந்தார். ஆனால் புழுவாக இருக்கலாம் என்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை. "புழு இருந்தா கழியணுமே டாக்டர், இது புழுக்கையாத்தானே போடுது?" என்று கேட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மந்தை முழுவதற்கும் குடற்புழு மருந்து கொடுப்பதாகவும் சொன்னார். பல வருடங்களாக அது அல்பெண்டசோல் ஒன்றுதான். எடை போட்டுப் பார்ப்பதில்லை, கண்மதிப்பில் ஊற்றுவது.

இந்த இரண்டு விவரங்களும் நிகழ்வின் திசையையே தீர்மானித்தன. இரத்தசோகை ஒரு நோயின் பெயரல்ல. உடம்பில் சிவப்பணு குறைந்துவிட்டது என்கிற நிலையைத்தான் அது சொல்கிறது. அது ஏன் குறைந்தது என்று கேட்டால் மூன்றே பதில்கள்தான் உண்டு: இரத்தம் வெளியே போகிறது, உள்ளேயே சிதைகிறது, அல்லது புதிதாக உற்பத்தி ஆகவில்லை. எந்தப் பதில் என்று தெரியாமல் டானிக் ஊற்றுவதை நான் சிகிச்சை என்று சொல்ல மாட்டேன். நாள் கடத்துவதாகவே அது முடியும்.

பரிசோதனையில் கண்டவை

உடல் வெப்பம் 39.1 டிகிரி செல்சியஸ், அதாவது வெள்ளாட்டுக்கு இயல்பான அளவு. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 132. ஓய்வில் இருக்கும் வெள்ளாட்டுக்கு 70 முதல் 90 வரை இருக்க வேண்டியது. மூச்சு 48. சில அடி நடத்தியதும் நின்று இளைத்தது, பிறகு படுத்துவிட்டது. கீழிமையை இறக்கிப் பார்த்தபோது உள்சவ்வு காகிதம் போல வெளுத்திருந்தது. மஞ்சள் சாயல் இல்லை. ஈறும் அப்படியே.

தாடை வீக்கம் மென்மையானது, வலியில்லாதது, விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல நிரம்பியது. மாலையில் பெரிதாகவும் காலையில் சற்று வற்றியும் இருக்கும் என்றார்கள். பகலெல்லாம் தலையைக் கவிழ்த்து மேயும்போது நீர் அங்கே இறங்கிச் சேர்வதால் இப்படி ஆகும். சீழ்க்கட்டி என்று நினைத்து இதைக் கீறிவிடுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து கீற வேண்டாம். இரத்தத்தில் புரதம் குறைந்ததால் கசிந்து தேங்கிய நீர்தான் அது.

நிணநீர்க் கணுக்கள் வீங்கவில்லை. உண்ணி ஒன்றும் தென்படவில்லை, முதுகு ரோமத்தில் கொஞ்சம் பேன் இருந்தது. சிறுநீர் தெளிந்த மஞ்சள். புழுக்கை கெட்டியாக, இயல்பான வடிவத்தில் இருந்தது.

ஆய்வக முடிவுகள் இவை. மொத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைக்கும் பங்கைக் காட்டும் பி.சி.வி. 11 சதவீதம் (வெள்ளாட்டுக்கு இயல்பு 22 முதல் 38). ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 3.6 கிராம். மொத்தப் புரதம் 4.2 கிராம், அதில் ஆல்புமின் 1.6 கிராம், இரண்டுமே மிகவும் தாழ்வு. சிவப்பணு சிதையும்போது உண்டாகும் மஞ்சள் நிறமியான பிலிருபின் இயல்பு. ஒரு கிராம் புழுக்கையில் 6,400 புழு முட்டைகள். இரத்தப் பூச்சில் ஒட்டுண்ணி ஏதும் இல்லை. ஆனால் சிவப்பணுக்கள் சிறிதும் பெரிதுமாக இருந்தன, சிலவற்றில் நீலப் புள்ளிகள், அங்கங்கே உட்கருவோடு இளம் சிவப்பணுக்கள்.

இந்த எண்களை எப்படிப் படிப்பது

எண்களில் எனக்கு முக்கியமாகப் பட்டது பி.சி.வி. அல்ல. அது தாழ்ந்திருக்கும் என்பது இமையைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் இருந்த புரத அளவுதான் வழி காட்டியது.

இரத்தம் உடம்பை விட்டு வெளியே போகும்போது சிவப்பணுவும், இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவும் சேர்ந்தே போகின்றன. ஆகவே பி.சி.வி.யும் புரதமும் சேர்ந்தே இறங்கும். சிவப்பணு உள்ளுக்குள் சிதைந்தால் பிளாஸ்மாவுக்குச் சேதமில்லை. பி.சி.வி. இறங்கும், புரதம் நிற்கும். அதோடு பிலிருபின் ஏறலாம், சவ்வு மஞ்சளிக்கலாம், சிதைவு இரத்தக்குழாய்க்குள்ளேயே நடந்தால் சிறுநீர் சிவந்து காப்பி நிறத்துக்கே போகலாம். நுண்குழாயில் இரத்தத்தைச் சுழற்றி, அதே குழாயின் பிளாஸ்மாவை ஒளிவிலகல் மானியில் ஒரு சொட்டு வைத்தால் இரண்டு அளவும் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். இவ்வளவு எளிய சோதனையைப் பலர் பாதியில், பி.சி.வி.யோடு நிறுத்திவிடுவது எனக்கு வருத்தம்தான்.

மூன்றாவது பதிலான உற்பத்திக் குறைவை இரத்தப் பூச்சு ஒதுக்கியது. நீலப் புள்ளிகளும் உட்கரு உள்ள சிவப்பணுக்களும் எலும்பு மஜ்ஜை வேகமாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளில் இதுதான் நாம் தேட வேண்டிய அடையாளம். நாயில் ரெட்டிகுலோசைட் என்ற இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை ஏறுவதைப் பார்ப்போம். குதிரையில் இந்த வழி உதவாது, அதன் மஜ்ஜை இளம் அணுக்களை வெளியே விடுவதே இல்லை எனலாம். ஒரு விலங்கில் கற்ற விதியை இன்னொன்றில் அப்படியே போட்டுப் பார்க்கக் கூடாது.

ஆக, மஜ்ஜை உழைக்கிறது, இரத்தம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. காயம் இல்லை, சாணத்தில் பச்சை இரத்தம் இல்லை. பேன் இருக்கிறது, ஆனால் அந்த எண்ணிக்கையில் இருந்த பேன் இவ்வளவு இரத்தத்தைக் குடிக்காது. கல்லீரல் தட்டைப்புழுவும் இரத்தசோகையும் தாடை வீக்கமும் தரக்கூடியதுதான். அதன் முட்டைகளைத் தனியாக வண்டல் முறையில் தேடினோம், இல்லை. மீதமிருந்தது ஹீமாங்கஸ் என்ற, இரத்தம் குடிக்கும் வயிற்று உருண்டைப்புழு.

அதை நேரிலேயே பார்க்கவும் வாய்த்தது. அதே நாள் காலையில் இறந்த ஒரு குட்டியைப் பிணப்பரிசோதனை செய்தோம். தசையெல்லாம் வெளுப்பு, இதயத்தில் இருந்த இரத்தம் நீர்த்துப் போயிருந்தது, வயிற்றறையில் தெளிந்த நீர். நான்காம் வயிறான அபோமேசத்தைத் திறந்ததும் பழுப்புச் சிவப்பான திரவத்துக்குள் மெல்லிய நூல்கள் நெளிந்தன. பெண் புழுவின் குடல் இரத்தம் குடித்துச் சிவந்திருக்கும், அதைச் சுற்றி வெள்ளைக் கருப்பை முறுக்கிக்கொண்டு போகும், அதனால் சிவப்பும் வெள்ளையும் பின்னிய கயிறு மாதிரித் தெரியும். நீளம் 18 முதல் 30 மில்லிமீட்டர். வெறுங்கண்ணுக்கே தெரிகிற நோய்க்காரணி. வளர்ப்பவர் அதைப் பார்த்த பிறகு புழுவா இல்லையா என்ற பேச்சே எழவில்லை.

ஏன் கழியவில்லை

அவர் கேட்ட கேள்வி நியாயமானது, அதற்கு முழுப் பதில் சொல்ல வேண்டும். குடலைத் தாக்கும் வேறு உருண்டைப்புழுக்கள் குடற்சுவரைச் சிதைப்பதால் கழிச்சல் வருகிறது. ஹீமாங்கஸ் இருப்பது அபோமேசத்தில். வாயில் உள்ள சிறு ஈட்டி போன்ற உறுப்பால் சவ்வைக் கீறி, இரத்தம் உறையாமல் இருக்கச் சுரப்பை விட்டுக் குடிக்கிறது. இடம் மாறும்போது பழைய கீறலும் கொஞ்ச நேரம் கசியும். குடலுக்குப் பெரிய சேதமில்லை, அதனால் புழுக்கை கெட்டியாகவே விழும். சில ஆடுகளுக்கு மலச்சிக்கல்கூட இருக்கும். கழிச்சல் இல்லை என்பது இந்தப் புழு விஷயத்தில் எந்த ஆறுதலும் தராது.

ஒரு புழுவால் நாளொன்றுக்குச் சுமார் 0.05 மி.லி. இரத்தம் போகிறது. கேட்க ஒன்றுமில்லாத அளவு. இந்த ஆட்டின் உடம்பில் இருக்கக்கூடிய மொத்த இரத்தம் ஏறக்குறைய 1.7 லிட்டர். வயிற்றில் 2,000 புழுக்கள் இருந்தால் நாளுக்கு 100 மி.லி. போகும். இரண்டு குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டு, இந்த இழப்பை நாள்தோறும் எந்த மஜ்ஜையாலும் ஈடுகட்ட முடியாது. ஈன்ற பின் சில வாரங்களுக்குத் தாயின் எதிர்ப்புத்திறன் தளர்வதால் புழுச்சுமை கூடுவதும் தெரிந்த விஷயம். ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். ஈரமும் வெப்பமும் இருந்தால் அவை ஒரு வாரத்துக்குள் தொற்றும் இளம்புழுவாகிப் புல்லில் ஏறிவிடும். வயிற்றுக்குள் போன மூன்று வாரத்தில் முட்டையிடத் தொடங்கும்.

அந்த மூன்று வாரம் கவனிக்க வேண்டியது. முதிராத புழுவும் இரத்தம் குடிக்கும், ஆனால் முட்டை இடாது. மேய்ச்சல் நிலத்திலிருந்து ஒரே சமயத்தில் ஏராளமாக இளம்புழு உள்ளே போனால், முட்டை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கும்போதே ஆடு சாகலாம். நாய்க்குட்டிகளில் கொக்கிப்புழு செய்வதும் இதுதான். தாய்ப்பால் வழியே உள்ளே போய், சாணத்தில் முட்டை தென்படும் முன்பே இரண்டு மூன்று வாரக் குட்டியை வெளுக்க வைத்துவிடும். முட்டை இல்லை என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு புழுவை ஒதுக்கிவிடுவது ஆபத்து.

சிகிச்சை

முதல் உத்தரவு: ஆட்டைத் துரத்திப் பிடிக்கக் கூடாது, மேய்ச்சலுக்கு நடத்தக் கூடாது. பி.சி.வி. 11-ல் இருக்கும் ஆட்டுக்கு உயிர்வாயு சுமக்கக் கையிருப்பே இல்லை. மருந்து ஊற்றப் பிடித்த இடத்திலேயே சரிந்து விழுந்து இறக்கும் ஆடுகள் உண்டு.

இரத்தம் ஏற்றுவதா வேண்டாமா என்பதில் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. மெல்ல மெல்ல இரத்தம் இழந்த விலங்கு அதற்குப் பழகியிருக்கும். ஒரே நாளில் இழந்த விலங்கு இதைவிட நல்ல எண்ணிலேயே சரிந்துவிடும். இந்த ஆடு சில அடியில் இளைத்துப் படுத்தது, இதயம் 132-ல் ஓடியது. ஏற்றுவது என்று தீர்மானித்தோம். அதே மந்தையில் 35 கிலோ எடையுள்ள, பி.சி.வி. 30 இருந்த காயடித்த கிடாவிலிருந்து 350 மி.லி. எடுத்தோம். கொடுக்கும் ஆட்டுக்குக் கிலோவுக்கு 10 மி.லி. என்பது பாதுகாப்பான வரம்பு. இரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் கலந்த பையில் சேகரித்து, முதல் கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டு, நடுக்கமோ மூச்சுத்திணறலோ இல்லை என்று பார்த்த பிறகே வேகத்தைக் கூட்டினோம். ஆடுகளில் முதல் முறை ஏற்றும்போது எதிர்வினை அரிது. இரண்டாம் முறை அப்படி நம்ப முடியாது. மறுநாள் பி.சி.வி. 15.

புழுவுக்கு, அல்பெண்டசோலை விட்டுவிட்டு, இரத்தம் குடிக்கும் புழுக்களின்மேல் நேராக வேலை செய்யும் குளோசண்டெல் கொடுத்தோம். எடை போட்டு, அளவு கணக்கிட்டு. இந்த மருந்தின் பாதுகாப்பு எல்லை குறுகியது. அளவு மீறினால் ஆடு நிரந்தரமாகப் பார்வை இழக்கும், ஆகவே கண்மதிப்புக்கு இங்கே இடமே இல்லை. புரதம் மிகுந்த தீவனம், குட்டிகளுக்குத் தனிப்பால், தாது உப்புக் கலவை ஆகியவற்றோடு இரும்புச்சத்தும் சேர்த்தோம். நாள்பட வெளியே இரத்தம் போன உடம்பில் இரும்பின் இருப்பு கரைந்திருக்கும் என்பதால் அதற்கு இங்கே பொருள் உண்டு. முன்பு ஊற்றிய டானிக் பயன்படாமல் போனதற்குக் காரணம் டானிக் கெட்டது என்பதல்ல, இரத்தம் போகும் வழி திறந்தே இருந்தது.

மந்தையைப் பார்த்தபோது

34 ஆடுகளின் இமையையும் பாமாச்சா அட்டையோடு ஒப்பிட்டோம். தென்னாப்பிரிக்காவில் உருவான இந்த அட்டை, பாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. நல்ல சிவப்பு 1, வெள்ளை 5. இயற்கை வெளிச்சத்தில், அசல் அட்டையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நகலிலும் கைபேசித் திரையிலும் நிறம் மாறிவிடும். 15 ஆடுகள் 1 அல்லது 2, பத்து ஆடுகள் 3, ஏழு ஆடுகள் 4, இரண்டு ஆடுகள் 5.

அந்த ஏழில் ஒன்று கணக்கில் சேரவில்லை. ஒன்றரை வயதுக் கிடா. இமை வெளுப்பு, ஆனால் தாடை வீக்கம் இல்லை. வெப்பம் 40.8. காது மடலிலும் தொடை இடுக்கிலும் உண்ணிகள். கண்ணின் வெள்ளைப் பகுதியில் லேசான மஞ்சள். பி.சி.வி. 16, மொத்தப் புரதம் 6.9. முட்டை எண்ணிக்கை 300 மட்டுமே. பி.சி.வி. இறங்கிப் புரதம் நின்றுவிட்டது என்றால் இரத்தம் வெளியே போகவில்லை, உள்ளே சிதைகிறது. இரத்தப் பூச்சில் சிவப்பணுக்களின் ஓரத்தை ஒட்டிக் கரும்புள்ளிகள் இருந்தன: உண்ணி பரப்பும் அனாபிளாஸ்மா என்ற கிருமி. சாயத் துகளோ உட்கருவின் மிச்சமோ என்று குழம்ப வாய்ப்பு உண்டு என்பதால் புதிய சாயத்தில் இரண்டாவது பூச்சு போட்டு உறுதி செய்தோம். சிறுநீர் சிவக்காததும் பொருந்தியது. அனாபிளாஸ்மாவில் தொற்றிய அணுக்களை மண்ணீரல்தான் பிடித்து அழிக்கிறது, குழாய்க்குள் உடைவதில்லை. உண்ணி பரப்பும் இன்னொரு இரத்த ஒட்டுண்ணியான பபேசியாவாக இருந்திருந்தால் சிவந்த சிறுநீரை எதிர்பார்த்திருப்பேன்.

இந்த நிகழ்வை எழுதத் தூண்டியதே இந்தக் கிடாதான். இமையை மட்டும் பார்த்து மருந்து கொடுத்திருந்தால் இதற்கும் புழு மருந்துதான் போயிருக்கும், காய்ச்சலோடு அது இறந்திருக்கலாம். இதற்குக் கொடுத்தது ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, உண்ணிக்குத் தனி மருந்து. இரும்புச்சத்து கொடுக்கவில்லை. அணு உள்ளே சிதையும்போது அதன் இரும்பு உடம்பிலேயே தங்கி மறுபடி பயன்படுகிறது. பக்கத்தில் நின்ற பெட்டைக்குத் தேவைப்பட்ட அதே பொருள் இதற்கு வேண்டாதது.

மற்ற விலங்குகளிலும் இதே மூன்று கேள்விகள்தான், பதில்கள்தான் வேறு. கன்று ஈன்ற இரண்டு முதல் நான்கு வாரத்தில் அதிகம் கறக்கும் பசு காய்ச்சல் இல்லாமல் காப்பி நிறத்தில் சிறுநீர் கழித்தால் பாஸ்பரஸ் குறைவை நினைக்க வேண்டும், காய்ச்சலும் உண்ணியும் சேர்ந்தால் பபேசியாவை. செம்மறிக்குத் தாமிரம் கல்லீரலில் மாதக்கணக்கில் சேர்ந்து ஒரே நாளில் இரத்தத்தில் கொட்டி அணுக்களை உடைக்கும். மாட்டுத் தீவனத்தைச் செம்மறிக்குப் போடுவதில் இருக்கும் அபாயம் அதுதான். நாய்க்கும் பூனைக்கும் வெங்காயம், பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை, இரண்டும் சிவப்பணுவைச் சிதைக்கும். எலிவிஷம் தின்ற நாய் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து வெளுக்கும். வயதான பூனையின் சிறுநீரகம் பழுதானால் மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபொய்டின் குறைந்து உற்பத்தியே தளர்ந்துவிடும். இரும்பை நேராகத் தேடிக் கொடுக்க வேண்டிய விலங்கு என்றால் கொட்டிலில் பிறந்த பன்றிக்குட்டி. நாளுக்கு 7 முதல் 10 மில்லிகிராம் இரும்பு அதற்கு வேண்டும், தாய்ப்பாலில் கிடைப்பது சுமார் 1 மில்லிகிராம்.

மருந்து வேலை செய்கிறதா

மந்தையில் சிகிச்சை தேவைப்பட்ட மற்ற ஆடுகளில், இமை 4-லும் 5-லும் இருந்தவற்றுக்கு நேராக லெவமிசோல் என்ற வேறொரு புழு மருந்தைக் கொடுத்தோம். 3-ல் இருந்த பத்தை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றுக்கு எடைக்கேற்ற முழு அளவில் அல்பெண்டசோல், மற்றதற்கு லெவமிசோல். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் ஆகாது என்பதால் சினை ஆடு எதையும் அந்தக் குழுவில் வைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து முட்டைகளை மறுபடி எண்ணினோம். அல்பெண்டசோல் குழுவில் சராசரி 2,200-லிருந்து 1,300-க்கு இறங்கியிருந்தது, 41 சதவீதக் குறைவு. லெவமிசோல் குழுவில் 2,100-லிருந்து 60, அதாவது 97 சதவீதம். 95 சதவீதத்துக்குக் கீழே போனால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். 41 என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. குழு சிறியது என்பது உண்மைதான், ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலாக வராது.

எப்படி ஆனது என்பதும் தெளிவு. வெள்ளாட்டின் உடம்பு புழு மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றும், அதனால் செம்மறிக்கான அளவு இதற்குப் போதாது. அதையும் கண்மதிப்பில் குறைத்து ஊற்றினால் பலவீனமான புழு சாகும், தாங்கும் புழு பிழைத்துப் பெருகும். மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் கொடுத்தால், தாங்கும் புழுவோடு போட்டியிட வேறு புழுவே நிலத்தில் மிஞ்சாது. ஆகவே இமை 1-லும் 2-லும் இருந்த 15 ஆடுகளுக்கு வேண்டுமென்றே மருந்து கொடுக்கவில்லை. வளர்ப்பவருக்கு இதை ஒப்புக்கொள்வது கடினமாக இருந்தது, நல்ல ஆட்டுக்கு மருந்தை மறுப்பது போலத் தோன்றியது அவருக்கு. ஒரு மந்தையின் பெரும்பகுதிப் புழுக்கள் சில ஆடுகளிடம்தான் குவிந்திருக்கும் என்று எண்களைக் காட்டி விளக்கிய பிறகு சம்மதித்தார்.

மேய்ச்சலிலும் மாற்றம். இளம்புழுக்களில் பெரும்பாலானவை புல்லின் கீழ் ஐந்து சென்டிமீட்டரில் இருக்கும். புல் ஒட்ட மேயும் வரை ஒரே இடத்தில் விடுவதை நிறுத்தி, பனி உலர்ந்த பிறகு ஓட்டிச் செல்வதும், தழைகளை உயரத்தில் கட்டித் தருவதும் தொடங்கின.

தொடர் நிலை

பெட்டை ஆட்டின் தாடை வீக்கம் பத்து நாளுக்குள் வற்றியது. இரண்டாம் வாரம் பி.சி.வி. 19, புரதம் 5.6. ஆறாம் வாரம் 26, புரதம் 6.6. பால் முன்னிருந்த அளவுக்குத் திரும்பவில்லை, இரண்டு குட்டிகளும் தனிப்பாலில் தேறின. கிடாவுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, நான்காம் வாரம் பி.சி.வி. 25. அனாபிளாஸ்மா தொற்றிலிருந்து தேறினாலும் கிருமி உடம்பில் தங்கக்கூடும் என்பதால், அதன் இரத்தத்தை இனி வேறு ஆட்டுக்கு ஏற்றக் கூடாது என்று பதிவேட்டில் குறித்தோம். 5-ல் இருந்த இன்னொரு ஆடு இறந்துவிட்டது. லெவமிசோல் கொடுத்த மறுநாள் அது மந்தையோடு மேய்ச்சலுக்கு நடத்தப்பட்டிருந்தது.

ஈரமான பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறையும் இமை பார்ப்பது என்று முடிவானது. லெவமிசோலின் 97 சதவீதமும் நிலையானதல்ல. அடுத்த பருவம் தொடங்கும்போது அதே முட்டை எண்ணிக்கைச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும், இமை வெளுத்தும் முட்டை குறைவாக இருக்கும் ஒவ்வொரு ஆட்டுக்கும் வெப்பமும் புரதமும் பார்த்து, ஒரு இரத்தப் பூச்சும் போட வேண்டும்.